அரைக் கட்டை கீழே

ஆகஸ்ட் 9

வண்டுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இருக்கத்தானே போனாய்.

டீக்கு வரிசையில் நிற்கும்போது சொல்கிற விஷயமா அது? "பெரியம்மா, உங்களுக்குச் சர்க்கரை போடவா?" என்று கேட்டாய். நான் தலையாட்டி முடிப்பதற்குள், "பள்ளிக்கூடத்துல பேண்ட் வாத்தியார் வேலை கிடைச்சிருக்கு, நான் இங்கேயே நின்னுக்கறேன்" என்றாய். முப்பது பேர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் பாதிச் சுற்றுப்பயணம் பாக்கி. பெட்டியை இறக்கிக்கொண்டு நீ நடந்துபோனதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் கை அசைத்திருக்க மாட்டேன், அது வேறு.

நம் பாட்டுக் குழுவில் ஒரு கருவியும் கிடையாது என்பதை இருபத்தெட்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் நீ வாய்க்குள் ரீங்காரம் போட்டுச் சுருதி கொடுப்பாய், அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாடுவோம். அதற்காகத்தான் உனக்கு வண்டு என்று பேரே வைத்தேன். இப்போது உன் வேலையை, நம்மோடு பாடுகிற பல் டாக்டர் செய்கிறார். அவருக்குச் சுருதி மனசில் நிற்காதாம். கடையில் போய் விரல் நீளத்துக்கு ஒரு சுருதிக் குழல் வாங்கி வந்திருக்கிறார். "இது கம்பெனிச் சுருதிம்மா, தப்பே வராது" என்கிறார். என் மேடையில் குழல் ஊதும் நிலைமைக்குக் கொண்டு வந்துவிட்டாய்.

எனக்கு யாரும் பாட்டுச் சொல்லித்தரவில்லை. ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுக் கேட்டுப் பாடினவள். அறுபத்தொரு வயதில் இன்றைக்கும் கடைசிப் பாட்டின் உச்சத்தைத் தொடுகிறேன். முதல் குரலில் நின்று உச்சத்தை மூன்று கச்சேரியில் தவறவிட்டவர் குழுவை விட்டுப் போக வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். என் கூடப் பிறந்தவள், உன் அம்மா, அவளுக்கே நான் சலுகை காட்டவில்லை. அப்படி நடத்திய குழுவை நீ டீக்கடையில் விட்டுவிட்டுப் போனாய்.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை நகர மண்டபத்தில் பாடுகிறோம். அதற்கு வந்து சேர். இல்லையென்றால் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடாதே.

போன் செய்துகொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை எழுது.

பெரியம்மா


ஆகஸ்ட் 21

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கூப்பிடாதே என்று சொல்ல நவம்பர் வரை தவணை கொடுத்திருக்கிறீர்கள். அதுவரை கூப்பிட்டுக்கொள்கிறேன்.

டீக்கடையில் சொன்னது தப்புதான். முந்தின நாள் ராத்திரியே சொல்ல நினைத்தேன், அன்று காலையில் நினைத்தேன், பஸ் ஏறும்போது நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. வரிசையில் நீங்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள், அதனால் சொல்ல முடிந்தது.

பஸ் தூக்கம் அலுத்துவிட்டது, ஒரே கட்டிலில் தூங்க ஆசையாக இருக்கிறது. இப்போதைக்கு இதை நம்புங்கள்.

என் பேண்டைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். இசை அறை என்று பேர், உடற்பயிற்சிச் சாமான் வைக்கும் அறைக்குப் பின்பக்கம். பித்தளைப் பாலிஷும் பழைய காலுறையும் சேர்ந்த வாசனை. முதல் நாள் ஒரு மெட்டை எழுதி நகல் எடுத்து, கிளாரினெட், ட்ரம்பெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தேன். நம் குழுவில் அப்படித்தானே கொடுப்போம். ஊதச் சொன்னேன். நாலு லாரி ஒரே சந்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். தலைமையாசிரியை ஓடி வந்து, "ஏதாவது இடிஞ்சு விழுந்துடுச்சா?" என்றார். நான் பிள்ளைகளை ஒரு பிடி பிடித்தேன். பக்கத்தில் இருப்பவனைக் கேள், காதைத் திற என்று உங்கள் குரலிலேயே கத்தினேன். மறுபடி அதே சத்தம். மூன்றாவது தடவை ட்ரம்பெட் பெண் எழுந்து, "சார், நாங்க பேப்பர்ல இருக்கறதத்தான் ஊதறோம்" என்றாள்.

உண்மைதான். ஒவ்வொரு கருவிக்கும் கட்டை வேறு. ஒரே ஸ்வரத்தை எழுதிக் கொடுத்தால் ஆளுக்கொரு சுருதியில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாற்றி எழுத வேண்டும். இது பேண்ட் வாத்தியாருக்குப் பாலபாடம். மனிதத் தொண்டைகளோடு மட்டும் வாழ்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

நகர மண்டபத்துக்கு வர முடியாது. பள்ளி ஆண்டு விழாவும் அதே சனிக்கிழமைதான்.

ஒரு வேண்டுகோள். பல் டாக்டர் குழல் ஊத வேண்டாம். நம் குழுத் தையல்காரம்மாவுக்கு என் சுருதி மனப்பாடம். அவரையே முனகிக் காட்டச் சொல்லுங்கள். குழலைத் தயவுசெய்து தொட வேண்டாம்.

வண்டு


செப்டம்பர் 10

வண்டுக்கு,

ஒரே கட்டிலில் நன்றாகத் தூங்கு.

இங்கே நான் தூங்கவில்லை. நீ போனபிறகு முதல் தடவையாகப் போன சனிக்கிழமை கச்சேரியில் கடைசிப் பாட்டைப் பாடினோம், என் குரல் உடைந்தது. மேலே ஏறினேன், உச்சத்துக்குப் பக்கத்தில் போனதும் பழைய கதவு மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. குழந்தையை அதன் அம்மா அடக்கினாள். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அந்த ஊர்க் குளிர் என்று நினைத்தேன். அடுத்த ஊரில் குளிரே இல்லை, அங்கேயும் உடைந்தது. அப்போதுதான் குழல் கோளாறு என்று புரிந்தது. பல் டாக்டரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், "பல்லுன்னா புடுங்கிக் கொடுத்துடுவேம்மா, இதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. வேறு கடையில் வேறு குழல் வாங்கினோம். இரண்டையும் சேர்த்து ஊதிப் பார்த்தேன், ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே சுருதி.

இரண்டு தவறிவிட்டது. சட்டம் எனக்கும் உண்டு என்று யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

குழலைத் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, ஏன்? இரண்டு தரம் படித்தேன். கருவி வேண்டாம் என்ற என் கொள்கைக்காக எழுதியதாகத் தெரியவில்லை. நேராகப் பதில் சொல்.

பெரியம்மா


செப்டம்பர் 18

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். வெந்நீர் குடியுங்கள். கடைசிப் பாட்டைக் கொஞ்ச நாளைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு நல்ல பாட்டு எத்தனையோ இருக்கிறது. நீங்கள் பாடாமல் நின்றாலே கூட்டம் எழுந்து நிற்கும்.

குழலைப் பற்றி நேரில் வரும்போது சொல்கிறேன்.

இங்கே ட்ரம்பெட் பெண்ணுக்குப் பல்லில் கம்பி கட்டியிருக்கிறார்கள். உதடு குத்துகிறதாம், மேல் ஸ்வரம் ஊதினால் கண்ணில் நீர் வருகிறது. முதல் ட்ரம்பெட் அவள்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

வண்டு


செப்டம்பர் 30

வண்டு என்று எழுதக் கை வரவில்லை. மகனே என்றும் வரவில்லை.

நேரில் வரும்வரை காத்திருக்க நான் ஆள் இல்லை. நம் பஸ் ஓட்டுநர் வருஷா வருஷம் கச்சேரிகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார் இல்லையா, போன வருஷத்ததை வாங்கிப் போட்டேன். கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் நீ போட்ட ரீங்காரம் வந்ததும் நிறுத்திவிட்டுக் குழலை ஊதினேன். நீ கொடுத்தது ஒரு முழுக் கட்டை கீழே. அதற்கு முந்தின வருஷத்தைப் போட்டேன். அரைக் கட்டை கீழே. அதற்கும் முன்னால், சரியாக இருந்தது. மாடியிலிருந்து குழந்தையை இறக்குகிற மாதிரி என்னைப் படிப்படியாக இறக்கியிருக்கிறாய். நான் தொட்டது உச்சமே இல்லை. என் தொண்டை இன்னும் வயசாகாமல் இருக்கிறது என்று ஊர் ஊராகப் பெருமை பேசினேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடித்தொண்டைக்காரர் இல்லையா, பாட்டு இறங்கினால் முதலில் அவருக்குத்தான் இடிக்கும். "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்மா" என்றார். "கீழ எனக்கு இடமே இல்லாம போச்சு. வெறும் காத்துதான் வரும்."

"ஏன்யா ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலை?"

அவர் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். "நீங்கதான் இறக்கச் சொன்னீங்கன்னு நெனச்சோம்மா."

படித்தாயா? நான் இறக்கச் சொன்னேனாம். எல்லோருக்கும் ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் என்று இத்தனை பேரும் நம்பிக்கொண்டு, என் முகத்துக்கு நேரே "சரிம்மா, சரிம்மா" என்று பாடியிருக்கிறார்கள்.

அதோடு போகவில்லை. போன வருஷம் நகர மண்டபத்துக் கச்சேரிக்கு உன் அம்மா வந்திருந்தாள். அவள் காது என் காதை விடக் கூர்மை, நீயே அந்தக் காதோடுதான் பிறந்தாய். கேட்டிருப்பாள். அவளும் அதையேதான் நினைத்திருப்பாள். தங்கச்சியை வெளியே அனுப்பியவள் தனக்கு மட்டும் சுருதியை இறக்கிக்கொண்டாள் என்று. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "நல்லா இருந்ததுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதற்காகச் செய்தாய்? என்மேல் இரக்கமா? நான் உன்னிடம் கேட்டேனா?


அக்டோபர் 9

பெரியம்மா,

இரக்கம் இல்லை. பயம்.

அம்மா மூன்றாவது தடவை தவறவிட்ட அன்றைக்குச் சுருதி கொடுத்தது நான்தான். எனக்குப் பத்தொன்பது வயசு. அந்த வேலை எனக்குக் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு ஜலதோஷம், மேலே போகாது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இறக்கிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சரியான சுருதியைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டில்கூடப் பாடவில்லை. பாத்திரம் கழுவும்போது முனகுவார்கள் இல்லையா, அதுவும் நின்றது. குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். முதலில் கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, பாட்டே போய்விட்டது. நாலு வருஷம் கழித்து ஒத்திகையில் உங்கள் குரல் உச்சத்துக்குப் பக்கத்தில் லேசாக நடுங்கியது. உங்களுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. உங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கப்போகிறது என்று தோன்றியது. அன்று சாயங்காலம் அரைக் கட்டை இறக்கினேன். நீங்கள் பாடி முடித்துவிட்டு என் முதுகில் தட்டினீர்கள்.

மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த வருஷம் சுற்றுப்பயணம் கிளம்பும் முன்னால் அம்மாதான் கேட்டார்கள். என் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "உங்க பெரியம்மாவுக்கு இறக்கத் தெரியுது, இல்ல?" என்றார்கள். நீங்கள் சொல்லவில்லை, நானாகச் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமலே பெட்டியைப் பூட்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் சுருதி கொடுக்கும்போது அம்மாவின் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது. அதனால்தான் போனேன். கட்டில் தூக்கமெல்லாம் சும்மா.

நகர மண்டபத்துக்கு நான் வருகிறேன். தலைமையாசிரியையிடம் பேசிவிட்டேன். பேண்டைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுக்கிறேன். அவருக்குத் தாளம் வராது, எண்ணத் தெரியும், போதும். கடைசியாக ஒரே ஒரு தடவை இறக்கிக் கொடுக்கிறேன். நீங்கள் பாடி முடித்துவிடுங்கள். அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

வரட்டுமா?

வண்டு


அக்டோபர் 20

வராதே.

ஆகஸ்டில் வா என்று எழுதினவள்தான் எழுதுகிறேன், வராதே. பிள்ளைகளைக் கணக்கு வாத்தியார் தலையில் கட்டிவிட்டு வந்து எனக்குப் பொய்ச் சுருதி கொடுக்க வேண்டாம். கொடுத்தால் நான் பாட மாட்டேன், மேடையிலேயே வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

நேற்றைய கச்சேரியில் மறுபடி கடைசிப் பாட்டைக் குழல் சுருதியில் பாடினேன். மூன்றாவதும் தவறியது. பஸ்ஸில் ஏறியதும் எல்லோரிடமும் சொன்னேன், சட்டம் சட்டம்தான், இனி நான் மேடையில் இல்லை என்று. பல் டாக்டர், "கீழ் வரிசைக் குரல்ல நில்லுங்கம்மா, அங்க உச்சம் கிடையாது" என்றார். என் தங்கச்சிக்கு அந்த இடம் கொடுத்தேனா? கொடுக்கவில்லை. எனக்கும் வேண்டாம்.

ஊர் திரும்பியதும் நேராக உன் அம்மாவிடம் போனேன். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பக்கத்து மூலைகளை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றோம்.

"நான் இறக்கச் சொல்லலடி. எனக்கே தெரியாது. உன் பிள்ளை தானா செஞ்சிருக்கான்."

"சரி."

"சரின்னா? நம்பறியா, இல்லையா?"

"நம்பறேன்க்கா. மூலைய இழுத்துப் பிடி, சுருங்குது."

பிடித்தேன். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, கிட்டே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்போது என்னைப் பார்க்காமலே, "எனக்கு இறக்கலையே அவன்" என்றாள்.

"அப்ப அவன் சின்னப் பையன். எனக்குப் பயந்தான்."

"ம்."

அடுத்த விரிப்பை எடுத்தாள். நகர மண்டபத்துக்கு வா, கடைசி வரிசையில் ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரலாம் என்றேன். "பார்க்கலாம்" என்றாள். ஒரு பாட்டு பாடேன் என்று கேட்டேன், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பழக்கம் விட்டுப்போச்சுக்கா" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சண்டை தெரியும்.

நீ பயந்தது நியாயம். செய்தது நியாயம் இல்லை. என்னை இறக்குவதானால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன், உன்னைப் பஸ்ஸை விட்டு இறக்கியிருப்பேன், அது வேறு. மன்னிக்கச் சொல்லி எழுதாதே, அது இப்போதைக்கு என்னிடம் இல்லை.

பெரியம்மா


நவம்பர் 25

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நவம்பர் தாண்டப்போகிறது. இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

ஆண்டு விழா முடிந்தது. டிரம் அடிப்பவன் நடுவில் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே அடித்தான். கூட்டம் அதற்குத்தான் அதிகமாகக் கை தட்டியது. துப்புரவு அம்மா மட்டும், ஊதிய குழாய்களிலிருந்து வடிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே, "மழை பெய்யாமலே தரை நனையுது சார், உங்க பாட்டுல" என்றார்.

ட்ரம்பெட் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அவளுக்காக மெட்டை முழுக்க இறக்கி எழுதி வைத்திருந்தேன், சத்தம் போடாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று. கடிதத்தைப் படித்ததும் தாள்களைக் கொடுக்கவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், "உன் கம்பி சரியாகிற வரைக்கும் பாட்டை எல்லாருக்கும் கொஞ்சம் இறக்கிடலாம்னு இருக்கேன், உனக்குச் சம்மதமா?" என்று. அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எதுக்கு சார் எல்லாரும் இறங்கணும்? அந்த ஒரு எடத்துல நான் மூச்சு வாங்கிக்கறேன். பக்கத்துல இருக்கவ ஊதட்டும்."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். விழாவில் அப்படித்தான் செய்தாள். அந்த இடம் வந்ததும் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தாள், பக்கத்துப் பெண் ஊதினாள், மறுபடி சேர்ந்துகொண்டாள். கேட்டவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நகர மண்டபம் எப்படி இருந்தது? அம்மா வந்தார்களா? அம்மாவிடம் கேட்டால் வேறு பேச்சு பேசுகிறார்கள்.

வண்டு


டிசம்பர் 6

வண்டுக்கு,

நகர மண்டபம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் என் சால்வையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். இரண்டு பேர் வந்து, "ஆள் வருதாம்மா?" என்று கேட்டார்கள். வருது, வருது என்றேன். இடைவேளைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. உன் அம்மா வரவில்லை.

பல் டாக்டர் குழல் ஊதினார். என் இடத்தில் தையல்காரம்மா மகள் நின்றாள். உச்சத்தைச் சும்மா எட்டிப் பூப்பறிக்கிற மாதிரி தொட்டாள். ஓட்டுநருக்குக் கீழே இடம் கிடைத்துவிட்டது, தூண் மாதிரி நின்று பாடினார். நன்றாக இருந்தது. நான் நின்ற கடைசி இரண்டு வருஷத்தை விட நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

குழு என்னை மறுபடி கூப்பிட்டது. போகவில்லை. சட்டத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். உன்னையும் இன்னும் மன்னிக்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு வராமல் இருந்தாயே, அது ஒன்று பிடித்திருந்தது.

உன் கடிதத்தில் அந்தப் பெண் சொன்னதைப் படித்ததும் மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இருபத்தெட்டு வருஷம் குழு நடத்தினவளுக்கு, கேட்டுக் கேட்டே எல்லாம் தெரிந்துகொண்டேன் என்று சொல்லித் திரிந்தவளுக்கு, அது தோன்றவே இல்லை. உன் அம்மாவுக்கு ஜலதோஷம் இருந்தது எனக்கும் தெரியும். அந்த ஒரு இடத்தில் நீ மூச்சு வாங்கிக்கோடி என்று சொல்லியிருந்தால் போதும். சுருதியும் இறங்கியிருக்காது, ஒருத்தரும் போயிருக்க மாட்டார்கள்.

நேற்று அவளிடம் போய் இதைச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்தேன். ஆறு வருஷம் கழித்து இதைப் போய்ச் சொன்னால், "சரி" என்பாள், கையில் ஒரு விரிப்பைக் கொடுப்பாள். திரும்பி உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்கு முதல் குரல் வரிசையில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான்.

பெரியம்மா